காயலான் கடைக்காரர் முந்துகிறார், தோழர்களே!



போன மாதம் பக்கத்து ஊரில் தியேட்டரை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அதற்குள் புரொஜெக்டரை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் அறையில் மிச்சம் இருந்தது சுவரெல்லாம் படிந்த கரியும், புரொஜெக்டர் விளக்கில் எரிந்து விரல் நீளத்துக்குத் தேய்ந்து தகர டப்பாவில் கிடந்த கார்பன் குச்சிகளும்தான். தினசரி வசூல் கணக்கு எழுதும் டி.சி.ஆர். நோட்டுகளைக் கொளுத்திவிட்டார்களாம். எந்தப் படத்துக்கு எத்தனை தரை டிக்கெட் கிழிந்தது என்பதற்கு இனி யார் சாட்சி?

கோவையைப் பாருங்கள். ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். மௌனப் படக் காலம் அது. ஆனால் கொட்டகைகள் மௌனமாகவா இருந்தன? திரையில் வரும் எழுத்தட்டையைப் படிக்கத் தெரியாத சனத்துக்குத் திரையோரம் நின்று ஒருவர் கதை சொல்வார், வாத்தியம் முழங்கும். வெரைட்டி ஹால் பிறகு டிலைட் ஆனது. இன்று கட்டடமும் போய்விட்டது. ஊர் காப்பாற்றி வைத்திருப்பது ‘வெரைட்டி ஹால் ரோடு’ என்ற தெருப்பெயரைத்தான்.

நம் சேலம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் தமிழுக்கு முதல் வண்ணப் படத்தைக் கொடுத்தது. ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவு வளைவு நிற்கிறது, நாமும் செல்பி எடுக்கிறோம். சரி, படம் எடுத்த இடத்துக்கு ஒரு வளைவாவது உண்டு. பார்த்த இடத்துக்கு? டூரிங் டாக்கீஸுக்கு இடிக்கச் சுவர்கூடக் கிடையாது. பிரித்த கீற்றோடு அதன் வரலாறும் வண்டியேறிவிட்டது.

அதனால் இந்த ஞாயிறே கிளம்புங்கள். ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி வேலூர் என்று அவரவர் ஊரைப் பிரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய தியேட்டரின் ஆபீஸ் அறையில் படம் காட்ட அனுமதிக்கும் ‘சி பார்ம்’ லைசென்ஸ் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும், போட்டோ எடுங்கள். கண்ணாடி ஸ்லைடு, நோட்டீஸ், அட்டை டிக்கெட் எதையும் விடாதீர்கள். முதலாளி முறைத்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்ற பாட்டி, விளம்பரத் தட்டி கட்டிய வண்டிக்காரர் எல்லோரிடமும் போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

முதலில் ஆபரேட்டர்களின் வீட்டுக்குப் போங்கள், அவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். உரக்கக் கேளுங்கள்.