ஆலைச் சங்கு இப்போது சட்டைப் பையில்!

மாலையில் சங்கு ஊதிற்று என்றால் வேலை முடிந்தது என்று பொருள். அதன் பிறகு கால்மணி நேரம் நிறுத்தி வைத்தாலும், "இதற்குக் கூலி எங்கே?" என்று கேட்கத் தொழிலாளிக்கு வாய் இருந்தது. அந்த வாய் சும்மா வந்துவிடவில்லை. 1886 மே மாதத்தில் சிக்காகோ வீதிகளில் சிந்திய இரத்தம், 1919இல் வாஷிங்டனில் எட்டு மணி நேரத்தை ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று எழுதி வைத்த நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்: இத்தனை படி ஏறி வந்த உரிமை அது.

இன்று அந்தச் சங்கு எங்கே இருக்கிறது? ஆலை வாயிலில் அல்ல, தோழர்களே, சட்டைப் பையில் இருக்கிறது! வேலை முடிந்தது என்று அது ஊதுவதே இல்லை. 'வா, வா' என்று மட்டுமே ஊதுகிறது. சாப்பாட்டு இலையின் முன்னே ஊதுகிறது. பிள்ளையைத் தூங்க வைக்கும் நேரத்தில் ஊதுகிறது. கைப்பேசிக்கு வரும் அலுவலக மின்னஞ்சலைத்தான் சொல்கிறோம்.

"இது கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் தொல்லை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். பண்டகசாலைக் குமாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள். ஷிப்டு சூப்பர்வைசரைக் கேளுங்கள். ஊர் ஊராகப் போய் இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக்கைக் கேளுங்கள். நாளைய டூட்டி எங்கே, எந்நேரம் என்பது இன்றிரவு கைப்பேசியில்தான் வருகிறது. பார்க்கவில்லை என்றால் மறுநாள் காலையில் மெமோ! பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் வானத்திலிருந்து குதித்தவர்களா? நம் வீட்டுப் பிள்ளைகள்தானே?

இந்தப் பழக்கம் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். 1999இல் கானடா நாட்டு வாட்டர்லூ நகரத்துக் கம்பெனியான ரிசர்ச் இன் மோஷன், பிளாக்பெர்ரி என்ற கைக்கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன்பெல்லாம் மின்னஞ்சல் வேண்டுமானால் நாம் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் கருவியிலோ, கேட்காமலே கடிதம் கையில் வந்து விழுந்தது. முதலில் மானேஜர்களுக்கும் வக்கீல்களுக்கும் பெருமைப் பொருளாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் பூரித்துப் போனார்கள். சில ஆண்டுகளில், போதைப் பொருளின் பெயரோடு இதன் பெயரைச் சேர்த்து 'கிராக்பெர்ரி' என்று அமெரிக்கர்களே கேலி பேசினர். வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதிக்காரர்கள் 2006ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்! பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4ஆம் தேதியோடு நின்று போயிற்று. கருவி போயிற்று, அது பழக்கிய பழக்கம் எல்லாக் கைப்பேசியிலும் குடியேறிவிட்டது.

எட்டு மணி நேரத்துக்காக இரத்தம் சிந்திய அதே சிக்காகோவில் நடந்த ஒரு வழக்கைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்நகரப் போலீஸ் இலாகாவில் குற்றக் கும்பல்களைத் துப்பறியும் பிரிவினருக்கு பிளாக்பெர்ரி கொடுத்திருந்தார்கள். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அதில் வேலை வாங்கினார்கள். 2010இல் ஓவர்டைம் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். (போலீஸ்காரருக்காக நாம் ஏன் பரிந்து பேசவேண்டும், தடியடி பட்ட முதுகு நம்முடையதல்லவா என்று தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் தீர்ப்பைக் கேளுங்கள்.) வீட்டில் வேலை செய்தது உண்மை, அது கூலிக்குரிய வேலையே என்று 2015இல் நீதிபதி ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: அந்த நேரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை, கேட்காதே என்று நிர்வாகம் தடுத்ததற்கு ருசு இல்லை, கூலி கொடுபடவில்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது, ஆகவே வழக்குத் தோற்றது! 2017இல் மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. சீட்டு எழுதினால் மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று அஞ்சி எழுதாமல் இருந்தவர்கள் அவர்கள். முகச்சுளிப்புக்கு எந்தக் கோர்ட்டில் ருசு காட்டுவது?

இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் மோட்டார் கம்பெனியில் தொழிலாளர் குழு நிர்வாகத்தோடு பேசி 2011இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஷிப்டு முடிந்து அரைமணி நேரத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டரே மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் ஷிப்டுக்கு அரைமணி முன்னால்தான் மீண்டும் தொடங்க வேண்டும். சுமார் 1,150 பேருக்கு இது பொருந்திற்று. பெரிய அதிகாரிகளுக்குப் பொருந்தாது. அது அவர்கள் பாடு! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்க்காமல் இருக்கும் துணிச்சலைத் தனித்தனித் தொழிலாளியிடம் கேட்கவில்லை. பொத்தானையே அமுக்கி நிறுத்தினார்கள். தனி ஆள் பார்க்காமல் இருந்தால் 'பொறுப்பற்றவன்' என்பார்கள். எல்லாருக்கும் ஒருசேர நின்றால் யாரைச் சொல்வார்கள்?

பிரான்சில் 2004இலேயே, வேலை நேரத்துக்கு வெளியே சொந்தக் கைப்பேசியை எடுக்காதது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2017 ஜனவரி முதல், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து நிர்வாகம் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பேச்சு முறிந்தால்? நிர்வாகமே ஒரு சாசனம் எழுதிக்கொள்ளலாமாம்! ஆட்டுக்கான விதியை ஓநாய் எழுதுவது போலத்தான். சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் அந்தச் சட்டத்துக்கு உயிர் உண்டு. இல்லாத இடத்தில் அது காகிதம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், வேலை நேரம் கழிந்து வரும் சேதியைப் படிக்கவும் பதில் சொல்லவும் தொழிலாளி மறுக்கலாம், மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை. அந்த 'நியாயம்' என்ற ஒரு சொல்லில் முதலாளி வக்கீல்கள் குடும்பம் நடத்துவார்கள்!

நம் நாட்டில்? 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு தனி உறுப்பினர் மசோதா ஒன்றுகூடச் சட்டமானதில்லை. அதுவும் ஆகவில்லை.

"அவசரம் வந்தால் என்ன செய்வது?" என்கிறார்கள் நிர்வாகஸ்தர்கள். மின்சார வாரியத்தில் அவசரம் இல்லையா, ஆஸ்பத்திரியில் இல்லையா? அங்கெல்லாம் இரவு டூட்டிக்குப் பட்டியல் இருக்கிறது. அவசரம் உண்மையானால் பட்டியலில் பெயரைப் போடு; கூலியைக் கொடு. எல்லாருக்கும் எல்லா இரவும் அவசரம் என்றால், அது அவசரம் அல்ல, ஆள் பற்றாக்குறை!

இன்னொரு கொடுமை. ஆலையில் தறி முதலாளியுடையது, ஸ்பானர் முதலாளியுடையது. இங்கே கருவியைத் தொழிலாளியே தவணை கட்டி வாங்குகிறான். மாதா மாதம் ரீசார்ஜும் அவனே செய்கிறான். அலுவலக மின்னஞ்சலை அதில் ஏற்றும்போது, வேண்டும்போது போனை எங்கிருந்தோ துடைத்தழிக்கும் அதிகாரத்தைப் பல கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. வேலையை விட்டு நீக்கிய அன்று அலுவலகக் கடிதத்தோடு பிள்ளையின் படமும் போய்விடலாம். கலிபோர்னியாவில் 2014இல் ஒரு மேல் கோர்ட், வேலைக்குச் சொந்தப் போனைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொன்னால் கட்டணத்தில் நியாயமான பங்கை முதலாளி தரவேண்டும் என்று சொன்னது. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போன் படியும், ஷிப்டுக்குப் பின் மின்னஞ்சல் நிறுத்தமும் இடம் பெறுமாறு கிளைச் சங்கங்கள் இப்போதே எழுதிச் சேர்க்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒவ்வொரு தோழரும் ஒரு நோட்டு வாங்கட்டும். இரவு சேதி எத்தனை மணிக்கு வந்தது, யார் அனுப்பியது, எத்தனை நிமிடம் வேலை வாங்கியது என்று எழுதட்டும். மாதக் கடைசியில் அதை மேலதிகாரியிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்கட்டும். நகல் ஒன்று சங்கத்துக்கு வரட்டும். 'எங்களுக்குத் தெரியாது' என்று சிக்காகோவில் சொன்னதை இங்கே சொல்ல விடக்கூடாது. கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்த தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள்.