காப்பகத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கறீங்களா? பதிவுச் சான்றிதழைக் கேட்டீங்களா?

பிறந்தநாளுக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது நம்மில் பலருக்கும் வழக்கம். கொள்ளேகாலில் கட்டினாலும் மதுரையில் கட்டினாலும், அந்தக் காப்பகத்துக்குப் பொருந்துவது ஒரே சட்டம்தான்: சிறார் நீதிச் சட்டம், 2015. அதை மீறினால் என்ன தண்டனை?

பதிவே இல்லைன்னா?

அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும் பதிவு கட்டாயம். மீறினால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். இது வெறும் காகித வேலை இல்லை. 2018-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் இருந்த 9,589 காப்பகங்களில், இந்தச் சட்டத்தின் கீழ் பதிவானவை 32% மட்டுமே. பதிவு இல்லாத இடத்தில் எத்தனை குழந்தைகள் இருக்காங்க என்பதே அரசுக்குத் தெரியாது.

உள்ளே கொடுமை நடந்தால்?

காப்பக நிர்வாகியோ ஊழியரோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். பொறுப்பில் இருப்பவரே குழந்தையை விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கட்டுப்பாடு என்ற பெயரில் அடித்தால் முதல்முறை 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அடித்த புகாரின் விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகத்தின் பொறுப்பாளருக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை! அதாவது, அடிப்பதைவிட மறைப்பதைச் சட்டம் பெரிய குற்றமாகப் பார்க்கிறது.

சிக்கல் எங்கே?

2021-ல் வந்த திருத்தம் 2022 செப்டம்பரில் அமலானது. அதன்படி, இந்தச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாது. மேலே சொன்ன கொடுமையும் விற்பனையும் இதற்குள் வந்துவிடுகின்றன. போக்சோ போன்ற வேறு சட்டம் பொருந்தினால் மட்டும் நேரடியாக வழக்குப் பதியலாம். தண்டனை காகிதத்தில் கடுமைதான். அதை அடையும் வழிதான் நீளமாகிவிட்டது.

அதே திருத்தம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பையும் கூட்டியிருக்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் பரிந்துரையைப் பரிசீலித்த பிறகே புதிய பதிவு கிடைக்கும். கொள்ளேகாலுக்கு அவர் சாமராஜநகர் துணை ஆணையர். தமிழ்நாட்டில் உங்கள் கலெக்டர்.

நீங்க என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழையும், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேளுங்க. சந்தேகம் இருந்தால் 1098-க்கு அழைக்கலாம். இன்னொன்று: அந்தக் குழந்தைகளோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீங்க. அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு காப்பகத்துக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.