புகையற்ற புகையும் பொதுவிட இங்கிதமும்

சட்டம் விலக்காத செயல் யாவும் செய்யத்தக்க செயலே என்று எண்ணி ஒழுகுவார் எந்நாட்டிலும் பலர் உளர். சட்டமோ ஊரைச் சுற்றி இட்ட வேலியை ஒத்தது. வேலிக்குள்ளே அண்டை வீட்டாரோடு எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை அது கற்பிப்பதில்லை. அதனைக் கற்பிப்பது இங்கிதம் என்னும் நற்பண்பே ஆகும். இப்பண்பின் இன்றியமையாமைக்கு, இக்காலத்தில் இங்கிலாந்து முதலிய தேசங்களில் பெருவழக்காகிவிட்ட மின்சிகரெட்டு தக்கதோர் எடுத்துக்காட்டு. நமது தேசத்தில் அக்கருவியின் விற்பனையே விலக்கப்பட்டிருக்க, அதனைப் பற்றிய இங்கிதம் நமக்கு எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடையை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவோம்.

முதற்கண் அக்கருவி இன்னதென அறிதல் நலம். எழுதுகோல் அளவேயுள்ள ஒரு சிறு குழல். அதனுள் ஒரு மின்கலமும், ஒரு கம்பிச்சுருளும், சிறிது திரவமும் உண்டு. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்பவற்றோடு, பெரும்பாலும் நிக்கோட்டினும் நறுமணப் பொருள்களும் கலந்ததே அத்திரவம். குழலை உறிஞ்சுங்கால் கம்பிச்சுருள் சூடேறித் திரவத்தை நுண்டுளிகளாக மாற்றுகிறது. ஆண்டு நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. வெளிவரும் வெண்படலம் புகையும் அன்று. வெறும் நீராவியும் அன்று. காற்றில் மிதக்கும் நுண்டுளிகளின் கூட்டமே அது. அமெரிக்கராகிய ஹெர்பர்ட் கில்பர்ட் என்பார் 1963-ஆம் ஆண்டிலேயே புகையற்ற சிகரெட்டு ஒன்றுக்கு உரிமைப் பட்டயம் கோரி 1965-இல் அதனைப் பெற்றாராயினும், அது கடைத்தெருவில் நிலைபெறவில்லை. பின்னர் 2003-ஆம் ஆண்டில் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளர் அமைத்த கருவியே இன்றுள்ளனவற்றுக்கு முன்னோடி. அவர் தாமே புகைப்பழக்கத்திற்கு அடிமைப்பட்டிருந்தவர். அவர்தம் தந்தையாரும் மிகுதியாகப் புகைத்து, நுரையீரற் புற்றுநோயால் மாண்டவர். ஆகவே இக்கருவி வெறுங் கேளிக்கைக்காகப் பிறந்ததன்று. கொடிய பழக்கமொன்றினின்று விடுபட விழைந்தாரது துன்பத்திற் பிறந்தது. இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, சட்டம் இதனை எவ்வாறு நோக்கிற்று என்பதைக் காண்போம். மூடிய பொதுவிடங்களிலும் தொழிலிடங்களிலும் புகைத்தல் ஸ்காட்லாந்தில் 2006-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாளிலும், இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாளிலும் விலக்கப்பட்டது. இங்கிலாந்தின் அச்சட்டம் கொளுத்தப்பட்ட பொருளைக் குறித்தே பேசிற்று. மின்சிகரெட்டிலோ கொளுத்துதற்கு ஒன்றும் இல்லை. எனவே, அஃது அச்சட்டத்தின் சொற்களுக்குள் அகப்படாமல் நழுவிற்று. 2014-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அகராதியார், இக்கருவியைப் பயன்படுத்துதலைக் குறிக்கும் ‘வேப்’ என்னும் சொல்லையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். சொல் அகராதியில் ஏறிவிட்டது. அதற்குரிய ஒழுங்கோ மக்கள் உள்ளத்தில் ஏறவில்லை.

சட்டம் வாளாவிருந்தமையால், அவ்வவ்விடத்து உரிமையாளரே தத்தமக்கேற்ற விதிகளை வகுத்துக்கொண்டனர். லண்டன் மாநகரப் போக்குவரத்து நிர்வாகத்தார் தம் ரயில்களிலும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் மின்சிகரெட்டை விலக்கினர். மதுச்சாலைகளுள் சில விலக்கின, சில இசைந்தன. ஒரு தெருவில் தகுவது அடுத்த தெருவில் தகாததாயிற்று. வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்ததோ இன்னும் வியப்பிற்குரியது. பள்ளிகள், மருத்துவமனைகள், உணவு பரிமாறும் இடங்கள் முதலியவற்றில் மின்சிகரெட்டை விலக்கும் பிரிவு அடங்கிய பொதுச் சுகாதார மசோதா, 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் அந்நாட்டுச் சட்டசபையில் வாக்குக்கு வந்தது. அவ்வேளையில் அமைச்சர் ஒருவர் மற்றொரு கட்சியை எள்ளி ஒரு சொல் உதிர்த்தார். சினங்கொண்ட அக்கட்சியார் மசோதாவுக்கு எதிராக வாக்களிக்கவே, இருபக்கத்தும் வாக்குகள் 26-க்கு 26 எனச் சமமாகி, மசோதா வீழ்ந்தது. மறு ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் மின்சிகரெட்டைப் பற்றிய அவ்விலக்கு இடம்பெறவில்லை. பொதுவிடத்து இங்கிதத்தைக் காக்க எழுந்த மசோதா, இங்கிதமற்ற ஒரு சொல்லால் மடிந்தது. இங்கிதத்தைச் சட்டத்தால் மட்டும் நிறுவிவிடலாம் என்று நம்புவார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு நல்ல பாடம் அன்றோ?

‘பிறர்க்குத் தீங்கு செய்யாத ஒன்றைப் பொதுவிடத்தில் செய்தால் என்ன பிழை?’ என்று இக்கருவியைக் கைக்கொள்வோர் வினவுகின்றனர். தீங்கின் அளவைக் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை என்பது மெய்யே. இங்கிலாந்தில் அப்போதிருந்த பொதுச் சுகாதாரத் துறையார் 2015-ஆம் ஆண்டில், இது சாதாரணச் சிகரெட்டைக் காட்டிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என அறிவித்தனர். அக்கணக்கின் அடிப்படை போதாது என மருத்துவ ஏடுகளில் மறுப்பு எழுந்தது. இதன் வெளியீடுகளில் நிக்கோட்டினும் வேறு நச்சுப்பொருள்களும் உண்டென்றும், அருகிலிருப்பார்க்கும் அவை தீங்கானவை என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். ஆராய்ச்சியாளர் தம் ஆராய்ச்சியைத் தொடர்க. ஆயினும் இங்கிதம் அவர்தம் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை என்பதே நமது துணிபு. சாம்பிராணிப் புகை நறுமணமுடையது. அதனை விரும்பித் தம் இல்லத்தில் இடுவார் பலர். அதற்காகத் தூபக்காலை ஏந்திச் சென்று, ரயில்வண்டியில் அயர்ந்திருக்கும் அயலார் ஒருவரது முகத்தருகே வீசுதல் தகுமா? தீங்கு உண்டா இல்லையா என்பது மருத்துவரது வினா. பிறர் இசைவு உண்டா இல்லையா என்பதே இங்கிதத்தின் வினா. ஒருவர் உள்ளிழுக்கும் காற்றில் அவர் வேண்டாத ஒன்றைக் கலப்பதற்குப் பிறிதொருவர்க்கு உரிமை இல்லை. அது மாம்பழ மணமேயாயினும் இல்லை.

ஈண்டு மற்றொரு நுட்பமும் கருதற்பாலது. சாதாரணச் சிகரெட்டு, கொளுத்திய பின்னர் வாயினின்று எடுத்தபோதும் தானே எரிந்து புகைந்துகொண்டிருக்கும். மின்சிகரெட்டோ அத்தன்மைத்து அன்று. உறிஞ்சாதபோது அது வாளா இருக்கும். உறிஞ்சியவர் ஊதும்போதே படலம் எழும். இதனை அக்கருவிக்குரிய சிறப்பாக அதன் வணிகர் எடுத்துரைப்பர். சிறப்பேதான்; ஆனால் அச்சிறப்பே பொறுப்பையும் கூட்டுகின்றது. ‘புகை தானே சென்றது, யான் என் செய்வேன்?’ என்று சொல்லும் சாக்குப்போக்கு மின்சிகரெட்டுக்காரர்க்கு இல்லை. அவர் விடும் ஒவ்வொரு படலமும் அவர் தெரிந்து செய்த செயலே. எங்கே, எப்போது, எத்திசையில் விடுவது என்பது முற்றிலும் அவர் கையில் இருக்கின்றது. கட்டுப்பாடு கையிலிருக்கும்போது கட்டுப்படாதிருத்தல் ஆண்மையும் அன்று; சுதந்தரமும் அன்று.

இனி, கேட்கும் கடமை யாருடையது என்பதே முதன்மையான வினா. ‘இடையூறாயின் அவர் வாய்திறந்து சொல்லட்டுமே’ என்பார் உளர். பொதுவிடத்தில் முன்பின் அறியாதார் ஒருவரைத் தடுத்துப் பேசுதல் எளிதன்று. காசநோயாளர் இருமலை அடக்கிக்கொள்வர். கருவுற்ற பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொள்வர். முதியோர் எழுந்து வேறிடம் தேடுவர். குழந்தைக்கோ சொல்லவே தெரியாது. இவர்தம் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் பெருந்தவறு. இங்கிதம் என்னும் வடசொல்லின் மூலப்பொருளே, உள்ளக்கருத்தை வெளிப்படுத்தும் குறிப்பு என்பதாம். வாயினாற் சொல்லாததை முகத்தினாலும் மெய்யினாலும் உணர்ந்து நடப்பவரே இங்கிதம் அறிந்தவர். தமிழில் இதனைக் குறிப்பறிதல் என்பர். திருவள்ளுவர் இப்பெயரால் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தமை தமிழ் மாணவர் நன்கறிவர். ஆகலின், காற்றை உள்ளிழுப்பவர் தடுக்கும்வரை காத்திராமல், காற்றில் ஒன்றைக் கலப்பவரே முன்வந்து, ‘ஐயா, தங்கட்கு இடையூறாகுமா?’ என வினவுதல் வேண்டும். வினவியபின் ‘ஆகும்’ என்ற விடை வரின், முகஞ்சுளியாமல் அகலுதலும் வேண்டும். விடையை ஏற்க மனமின்றிக் கேட்கும் வினா, வினாவே அன்று.

இவ்வளவும் ஒருபக்கத்து நீதியே. மறுபக்கத்தையும் கூறாதொழிதல் முறையாகாது. மின்சிகரெட்டைக் கையில் ஏந்தியவர் ஒருவரைக் கண்ட மாத்திரத்தே, அவரை ஒழுக்கமற்றவர் என இகழ்தலும் இங்கிதக் குறைவேயாம். இருபது ஆண்டு புகைத்துப் பழகிய ஒருவர், மனைவி மக்களை முன்னிட்டு அதனை விட முயன்று, இக்கருவியை ஊன்றுகோலாகக் கொண்டிருக்கலாம். ஊன்றுகோலோடு நடப்பவரை நொண்டி என்று நகைப்பது எப்பேர்ப்பட்ட செயல்! மேலே கூறிய இங்கிலாந்துச் சுகாதாரத் துறையார் 2016-ஆம் ஆண்டில், பொதுவிடங்களில் விதி வகுப்போர்க்கு அறிவுரை ஒன்று வெளியிட்டனர். புகைத்தலையும் மின்சிகரெட்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்றும், புகைப்பவர்க்கென ஒதுக்கிய இடத்திலேயே இவரும் நிற்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும் அதிற் கூறினர். குடியை விட விழைந்தவனைக் கள்ளுக்கடை வாயிலில் உட்கார வைப்பார் உண்டோ? ‘இங்கே வேண்டா’ என்று சொல்லும் உரிமை உடையவர்க்கு, ‘அங்கே செல்க’ என்று தகுந்ததோர் இடத்தைக் காட்டும் கடமையும் உண்டு.

இவ்விருவர் உரிமையையும் சீர்தூக்கி, நாம் கொள்ளும் நெறியைச் சுருங்கச் சொல்லின் இதுவாகும். கூரையும் சுவரும் உள்ள இடத்தில் உரிமையாளரது இசைவின்றிக் கருவியை எடுத்தல் ஆகாது; இசைவு இருப்பினும் அருகிருப்பாரைக் கேளாது ஊதல் ஆகாது. உணவுண்ணும் பந்தியிலும், குழந்தைகளும் நோயாளரும் உள்ள இடத்திலும், கேட்கவே வேண்டாது விட்டுவிடுதல் வேண்டும். வெளியிடமாயினும் வாயில்களிலும், வரிசையில் நிற்குமிடத்தும் ஊதல் தகாது. காற்றோட்டத்தை நோக்கி ஊதல் வேண்டும். பெருமேகம் எழுப்பிக் காட்டும் விளையாட்டைப் பொதுமக்கள் நடுவே நிகழ்த்தல் ஆகாது. தீ எச்சரிக்கைக் கருவிகள் இப்படலத்தையும் புகையென மயங்கி ஒலித்துவிடக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பயன் தீர்ந்த கருவியை வீதியில் எறிதல் கூடாது. அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் நசுங்கின் தீப்பற்றவல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையின் விற்பனையையே பிரிட்டனில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் முதல் விலக்கிவிட்டனர். மக்கள் தாமாகக் கொள்ளாத ஒழுங்கைச் சட்டம் வந்து திணிக்கும் என்பதற்கு இதுவே சான்று. பொதுவிடங்களில் மின்சிகரெட்டை விலக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு அளிப்பதற்கான மசோதாவும் 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அந்நாட்டுப் பாராளுமன்றத்திற் கொணரப்பட்டது.

நமக்கு இஃது எற்றுக்கு என்னும் வினாவுக்கு இனி விடை கூறுவோம். நமது தேசத்தில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் முதலியன 2019-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவசரச் சட்டத்தால் விலக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே பாராளுமன்றச் சட்டமாகவும் ஆயின. சாதாரணச் சிகரெட்டையும் பீடியையும் பொதுவிடங்களிற் புகைத்தலை விலக்கும் விதிகள் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளன. ஆயினும் பேருந்து நிலையத்தில், தேநீர்க் கடை முன்றிலில், அவ்விதி எழுதிய பலகையின் அடியிலேயே புகை சூழ்ந்திருப்பதைக் காணாதார் நம்முள் யார்? மேலைநாட்டிற் சட்டம் வாளாவிருந்தது. ஆதலின் இங்கிதம் பேச வேண்டியதாயிற்று. நம் நாட்டிற் சட்டம் பேசுகின்றது. இங்கிதம் வாளாவிருத்தலால் அச்சட்டம் உறங்குகின்றது. இருவழியும் இறுதியிற் காவலாவது மக்கட்பண்பே.

மாணவத் தோழர்காள்! பொதுக்காற்று யாருக்கும் தனியுடைமை அன்று. அதிற் புகையைக் கலப்பினும், நறுமணத்தைக் கலப்பினும், ரயில்வண்டியில் கைப்பேசியின் பாட்டொலியைக் கலப்பினும், கலப்பவர் பிறரைக் கேட்டே கலத்தல் வேண்டும். சட்டப் புத்தகத்தைப் புரட்டி ‘விலக்கு உண்டா?’ என்று பார்ப்பதற்கு முன், அருகிருப்பவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வோமாக.