விண்ணப்பப் படிவம் யாரைச் சோதிக்கிறது?

பெருநகரங்களில் அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டது. மும்பையாயினும் பெங்களூராயினும் குருகிராமாயினும், ‘சர்வதேச’ப் பள்ளிகளின் விண்ணப்பப் படிவங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் சில வரிகளில் முடிந்துவிடும். எஞ்சியவை பெற்றோரைப் பற்றியவை: கல்வித் தகுதி, பணிபுரியும் நிறுவனம், பதவி, வீட்டில் பேசும் மொழி. திருப்பித் தரப்படாத விண்ணப்பக் கட்டணம் செலுத்திய பின் ‘கலந்துரையாடல்’ என்ற பெயரில் நேர்காணல். மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் கேட்கும்போது சோதிக்கப்படுவது குழந்தையின் அறிவன்று, பெற்றோரின் வர்க்கம்.

1968-இல் ஜெனீவாவில் உருவான இன்டர்நேஷனல் பாக்கலாரியேட், நாடுவிட்டு நாடு மாற நேர்ந்த தூதரக, பன்னாட்டு நிறுவன அலுவலர்களின் பிள்ளைகளைப் பெரிதும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. இந்தியாவிலோ அது, ஊரைவிட்டு நகராத செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கும் வேலியாகிவிட்டது.

இந்த வேலியைச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, நன்கொடை வசூலிப்பதையும் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வுக்கு உட்படுத்துவதையும் தடை செய்கிறது. வடிகட்டலுக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. 12-ஆவது பிரிவு, தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. எந்தக் கல்வி வாரியத்தைப் பின்பற்றும் பள்ளி என்று சட்டம் வேறுபாடு காட்டவில்லை.

ஆயினும் ஓட்டைகள் பல. சட்டத்தின் பார்வையில் குழந்தை என்பது ஆறு முதல் பதினான்கு வயது வரை. வடிகட்டலோ மூன்று வயதிலேயே முடிந்துவிடுகிறது. 25 விழுக்காட்டு ஒதுக்கீடு நீங்கலாக, மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2013-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிய பள்ளியின்மீது வழக்குத் தொடர அரசு நியமிக்கும் அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 36-ஆவது பிரிவு. அனுமதி தரவேண்டியவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதை மகாராஷ்டிரம் காட்டியது. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளி 25 விழுக்காடு தரவேண்டியதில்லை என்று 2024 பிப்ரவரியில் அம்மாநில அரசு விதியைத் திருத்தியது. பம்பாய் உயர்நீதிமன்றம் ஜூலையில் அதை ரத்து செய்தது.

இப்படிவங்களின் முன் தடுமாறி நிற்போரில் கட்சி உறுப்பினர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சாட்டிப் பயனில்லை. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படியே நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஓர் ஆசிரியர் மட்டுமே உள்ளார். அரசு கைவிட்ட பள்ளியின் நிழலில்தான் ‘சர்வதேச’ வணிகம் செழிக்கிறது. பொதுப்பள்ளி முறையும் அருகமைப் பள்ளியும் வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966-லேயே பரிந்துரைத்தது. கல்விக்குத் தேசிய வருவாயில் 6 விழுக்காடு என்ற இலக்கும் அக்காலத்தது. இரண்டும் இன்றளவும் ஏட்டளவில் நிற்கின்றன.

சட்டத்தை மூன்று வயதிலிருந்து பொருந்தச் செய்வதும், 36-ஆவது பிரிவின் தடையை நீக்குவதும் உடனடிக் கோரிக்கைகள். கிளைகளின் முன் இன்னொரு பணியும் உள்ளது. அதே பள்ளியின் வாசலுக்கு 25 விழுக்காட்டு விண்ணப்பம் என்ற வழியும் உண்டு. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இணையவழிப் பதிவு ஆகியவற்றின் சிக்கலில், அப்பள்ளியின் வாகன ஓட்டுநரும் துப்புரவுத் தொழிலாளரும் அந்த விண்ணப்பத்தைத் தொடாமலே விட்டுவிடுகின்றனர். கடைசி நாள் கடப்பதற்குள் அவர்களுடன் அமர்ந்து அதை நிரப்பித் தருவதும், இடம் மறுக்கப்பட்டால் உடன் சென்று கேட்பதும் அரசியல் பணியே. அருகமைப் பொதுப்பள்ளிக்கான போராட்டம் அங்கிருந்தே வலுப்பெறும்.