மதிப்பெண் தாளை வாசிக்கக் கற்போம்

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வு முடிவு வெளியான மறுநாள், பக்கத்துத் தெருவைச் சேர்ந்த ஒருவர் இனிப்புப் பொட்டலத்துடன் என் வீட்டுக்கு வந்தார். மகள் 78 வாங்கியிருப்பதாகவும், அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதி என்றும் கூறி மகிழ்ந்தார். தாளை வாங்கிப் பார்த்தேன். 78 என்பது பெர்சன்டைல். மதிப்பெண்ணோ 720-இல் பாதிகூட இல்லை. பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். ஆயினும், அவர் தந்த இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

அவர் படிக்காதவர் அல்லர். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். ஆனால், அவர் பழகியது பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல். அதில் 600-க்கு எத்தனை என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. நீட் மதிப்பெண் தாள் அப்படிப்பட்டது அன்று. அதில் மதிப்பெண், பெர்சன்டைல், அகில இந்தியத் தரவரிசை என மூன்று வகை எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை சொல்கிறது.

எத்தனை வினாக்களுக்குச் சரியாக விடையளித்தார் என்பதைச் சொல்வது மதிப்பெண். சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இவருக்குச் சமமாகவோ, குறைவாகவோ மதிப்பெண் பெற்றார்கள் என்பதைச் சொல்வது பெர்சன்டைல். 78 பெர்சன்டைல் என்றால் நூறு பேர் நிற்கும் வரிசையில் ஏறத்தாழ 22 பேர் முன்னே நிற்கிறார்கள் என்று பொருள். 2025-இல் தேர்வு எழுதியோர் 22 லட்சத்துக்கும் அதிகம். எனில், அந்த மாணவிக்கு முன்னே நின்றவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர்!

இந்த வேறுபாட்டை உணர, தகுதி மதிப்பெண்ணைப் பார்த்தாலே போதும். பொதுப் பிரிவினருக்குத் தகுதி வரம்பு 50 பெர்சன்டைல். அதைப் பாதி மதிப்பெண், அதாவது 360 என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 2022-இல் அது 117, 2024-இல் 162, 2025-இல் 144. கடைசியாகச் சொன்னது 720-இல் 20 விழுக்காடு மட்டுமே.

இங்குதான் அடுத்த குழப்பம் பிறக்கிறது. தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. 2025-இல் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றனர். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். அவற்றிலும் கணிசமானவை அதிகக் கட்டணம் கொண்ட தனியார் கல்லூரிகளில் உள்ளன. 'தகுதி' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி இடைத்தரகர்களிடம் முன்பணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டை அடகு வைத்த பிறகு பெர்சன்டைலின் பொருள் விளங்குவதில் பயனில்லை.

'போன ஆண்டு அண்ணன் 600 வாங்கினான், நீ 500தானா?' என்று கேட்பதும் தவறே. 2024-இல் முழு மதிப்பெண்ணான 720-ஐப் பெற்றவர்களே பலர் இருந்தனர். 2025-இல் நாட்டிலேயே அதிகபட்ச மதிப்பெண் 686. 650-ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. வினாத்தாள் கடினமாகும்போது எல்லாருடைய மதிப்பெண்ணும் குறைகிறது. எனவே, இரு ஆண்டுகளின் மதிப்பெண்களை ஒப்பிடுவதைவிடத் தரவரிசையை ஒப்பிடுவதே நியாயம்.

தமிழகப் பெற்றோருக்கு இன்னொன்றும் தேவை. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85 விழுக்காட்டு இடங்கள் மாநிலக் கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுகின்றன. ஆகவே, அகில இந்தியத் தரவரிசையைக் கண்டு மிரளாமல், மாநிலத் தரவரிசைப் பட்டியலிலும் தம் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலும் பிள்ளை எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இந்தக் கணக்கில் அடங்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது பாடவாரியான பெர்சன்டைல். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் அது தனித்தனியே தரப்படுகிறது. இயற்பியலில் மதிப்பெண் குறைவு என்று கடிந்துகொள்ளும் முன் அதன் பெர்சன்டைலைப் பாருங்கள். மற்ற பாடங்களைவிட அது உயர்ந்திருந்தால், பிள்ளை அங்கே சறுக்கவில்லை, வினாத்தாள்தான் கடினம். மதிப்பெண் அதிகமாகத் தெரியும் உயிரியலிலேயே உண்மையான பலவீனம் ஒளிந்திருக்கக்கூடும். மீண்டும் ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பலாமா என்ற முடிவு இந்த வரிகளைப் படித்த பிறகே எடுக்கப்பட வேண்டும்.

தமிழ் உள்பட 13 மொழிகளில் தேர்வு நடத்தும் தேசியத் தேர்வு முகமை, மதிப்பெண் தாளுடன் அந்தந்த மொழியில் ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்தால் பெருஞ்செலவு ஆகிவிடாது. தேர்வுக்கு முன் எத்தனையோ கூட்டம் நடத்தும் பள்ளிகள், முடிவு வந்த வாரத்தில் பெற்றோருக்கென ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

அன்று நண்பருடன் அவர் வீட்டுக்குச் சென்றேன். அந்தப் பெண்ணுக்கு உண்மை முதல் நாளே தெரிந்திருந்தது. தந்தையின் மகிழ்ச்சியைக் கலைக்க அஞ்சி, இரவெல்லாம் உறங்காமல் இருந்திருக்கிறாள். மதிப்பெண் தாளைப் பெற்றோர் சரியாக வாசிக்கத் தெரிந்திருந்தால், அந்த ஓர் இரவையேனும் அவள் தனியாகச் சுமக்க நேர்ந்திருக்காது.