ஆலை நின்ற பிறகுதான் ஆபத்து!

ரோலர் தூக்கும் கூலிக்கு நஷ்டஈடு தருவது யார்?

கள்ளக்குறிச்சி,

கரும்பு அரவை முடிந்து சங்கு ஓய்ந்தால் ஆலையில் வேலையே இல்லை என்று ஊர் நினைக்கிறது. உண்மை தலைகீழ். அப்போதுதான் பல டன் எடையுள்ள ரோலர்களைக் கழற்றி இறக்கி, தேய்மானத்தைச் சரிசெய்து, மறுபடி ஏற்றிப் பூட்டுகிறார்கள். மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலை அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உள்ள மாவட்டம் இது.

ஓடுகிற மிஷினுக்குக் கம்பி வேலி உண்டு. செயின் பிளாக்கில் தொங்குகிற ரோலருக்கு ஏது வேலி? ஒரு கண்ணி விட்டால் போச்சு. கை நசுங்கும், கால் போகும், ஆளே போய்விடுவான்.

மேஸ்திரி கூட்டி வந்த ஆள்

நிரந்தரத் தொழிலாளியின் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும். நாலு நாள் வேலைக்கு மேஸ்திரி கூட்டி வருகிறவன் கதை வேறு. மலையிலிருந்து கூலி தேடி இறங்குகிற இளைஞன் எந்த வேலையையும் மறுப்பதில்லை.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை மட்டும் தயாரிக்கும் ஆலையைப் பருவகால ஆலை என்று சட்டம் ஒதுக்கிவிட்டது. ஆகவே நஷ்டஈட்டை ஆலைதான் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றாலும் தப்ப முடியாது. முதலில் கொடுத்துவிட்டு, அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1923-ம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை மாற்றவில்லை.

எவ்வளவு?

வயது 40, மாதச் சம்பளம் 15 ஆயிரம் என்றால், உயிர் போனால் 13 லட்சத்து 81 ஆயிரத்து 275 ரூபாய். எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் முடமானால் 16 லட்சத்து 57 ஆயிரத்து 530. (செத்தவனைவிட முடமானவனுக்கு அதிகம். அவனுக்குச் சோறும் போட வேண்டுமே!)

2020 ஆகஸ்ட் 1-ந் தேதி விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சோதனையின்போது கிரேன் சாய்ந்து 11 பேர் மாண்டார்கள். பலர் ஒப்பந்த ஆட்கள். நாடே பார்த்ததால் குடும்பத்துக்குத் தலா 50 லட்சம் அறிவிப்பு வந்தது. எங்கோ ஒரு ஆலையில் ஒற்றை ஆள் நசுங்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்? "இவன் எங்க ஆளே இல்லை" என்று ஒரு வார்த்தை வந்தால், வேலை பார்த்ததை நிரூபிக்கும் பாரம் விதவையின் தலையில் விழுகிறது.

மனுப்போட இரண்டு வருஷம் கெடு. அதற்குள் கேட் பாஸோ, கூலிச் சீட்டோ, மேஸ்திரி நோட்டில் ஒரு வரியோ அவள் கையில் சிக்கியாக வேண்டும்.