பீரோவைப் பூட்டினேன்!

போன வருஷம் ஆவணியில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வயது 78, கூடவே சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து புரட்டாசியில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு, சின்னவனுக்கு எப்போதும் சளி. "ஒரு ஆள் போட்டுக்கலாமே" என்றார் என்னவர், ஏதோ தோசைக்கு அரைக்கப் போடுவது மாதிரி!

முன்பெல்லாம் ஊரிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட அத்தை வந்து ஆறு மாசம் கூட இருந்து பார்ப்பார். இப்போது எந்த அத்தை சும்மா இருக்கிறார், சொல்லுங்கள்? ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்குப் போன் செய்தேன்.

அன்று நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "கை சுத்தமான பொண்ணா? ஆதார் நகல் தருவீங்களா? போலீஸ்ல விசாரிச்சாச்சா?" எல்லாவற்றுக்கும் "ஆமாம் மேடம்" என்று பதில். அவள் வருவதற்கு முதல் நாள் ராத்திரி வளையல், வெள்ளிக் குத்துவிளக்கு, மாமியாரின் கெம்புத்தோடு எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொண்டேன். விடிந்ததும் மாமியாரை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

தங்கமான பெண், அதில் குறையே சொல்ல மாட்டேன். திண்டிவனம் பக்கம். "பாட்டிம்மா, ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி இட்லி ஊட்டுவாள். 24 மணி நேர டியூட்டி என்று பேசி, அதற்கான பணத்தை ஏஜென்சிக்குக் கட்டியிருந்தோம்.

ஒன்பதாம் நாள் துணி மாற்றும்போது மாமியாரின் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. "சூடுதான்க்கா, எண்ணெய் தேய்ச்சு விடறேன்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நாலாம் நாள் அந்த இடத்தில் தோல் வழன்றுவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்த திட்டம் இருக்கிறதே, அதில் வீட்டுக்கு வரும் நர்ஸம்மாதான் பார்த்துவிட்டுக் கேட்டார். "ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் போடறீங்க?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "படுக்கும்போது ஒருவாட்டி, விடிகாலைல ஒருவாட்டி."

எனக்கு வந்ததே கோபம்! "24 மணி நேரத்துக்குன்னுதானே காசு கட்டறோம்?" என்று கத்திவிட்டேன். நர்ஸம்மா என்னைத்தான் பிடித்துக் கொண்டார். "ஏம்மா, அந்தப் பொண்ணும் மனுஷிதானே? ரெண்டு மணிக்கு ஒருதரம் நீங்க எழுந்திருச்சுப் பாருங்க. மறுநாள் பகல் பூரா வேலையும் செஞ்சு பாருங்க."

பார்த்தேன். மூன்றாம் நாள் காலை சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

அப்புறம்தான் அவளை உட்கார வைத்து விசாரித்தேன். நாங்கள் கட்டும் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அவள் கைக்குப் போகிறதாம். பயிற்சி? வேறொரு வீட்டில் இன்னொரு ஆயாவுடன் நாலு நாள் இருந்தாளாம். அவ்வளவுதான்! இதையெல்லாம் நான் முதல் நாளே ஏஜென்சியைக் கேட்டிருக்க வேண்டாமா? திருட்டைப் பற்றித்தான் கேட்டேனே தவிர, படுத்திருப்பவரைப் பார்க்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நர்ஸம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. இழுத்துத் திருப்பினால் தோல் உரியும் என்பதால் விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்ப வேண்டும். காற்றுப் படுக்கை வாங்கினாலும் திருப்புவது நிற்கக் கூடாது. ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, அப்புறமும் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். பக்கவாதக்காரர்களுக்குப் புரையேறினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

வீட்டு ஏற்பாட்டையும் மாற்றினோம். அந்தப் பெண்ணுக்குப் பகல் மட்டும். ராத்திரி பத்து மணிக்குத் திருப்பிப் போட்டுவிட்டு அவள் படுத்துவிடுவாள். பன்னிரண்டும் இரண்டும் அவர், நாலு நான். முதல் வாரம் அவர் முணுமுணுத்தார். பெற்ற தாயாயிற்றே, அப்புறம் சரியாகிவிட்டது. வசதி இருப்பவர்கள் ராத்திரிக்குத் தனி ஆள் போட்டுக் கொள்ளலாம். ஒரே பெண்ணைப் பகலும் ராத்திரியும் விழிக்கச் சொன்னால் நடக்கிற காரியமா?

ஏஜென்சியில் பேசப் போகிற சகோதரிகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு. "நர்ஸ் அனுப்புகிறோம்" என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வருவது உதவியாளர். குளிப்பாட்ட, ஊட்ட, திருப்ப அவர் போதும். ஊசி, புண்ணுக்குக் கட்டு, டியூப் மாற்றுவது எல்லாம் அவர் தலையில் கட்டாதீர்கள். கடைசியாக வேலை பார்த்த வீட்டின் போன் நம்பரை வாங்கி அந்த வீட்டு அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். போலீஸ் விசாரணைக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், ஏஜென்சியின் வாய்ச்சொல்லை நம்பிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. அவளுக்குக் கையில் எவ்வளவு, வார லீவு எப்போது, லீவில் போனால் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கட்டும் பணத்துக்கு ரசீது கட்டாயம்.

புண் ஆற மார்கழி ஆகிவிட்டது. மாமியார் பட்ட வேதனையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பொங்கலுக்கு அந்தப் பெண் நாலு நாள் ஊருக்குப் போனாள். மாற்றாக ஒரு நடுத்தர வயது அம்மாளை அனுப்பினார்கள். காபி கொடுத்துவிட்டு நேரே கட்டில் பக்கம் அழைத்துப் போனேன். "இவங்களை ஒருதரம் திருப்பிப் படுக்க வைங்கம்மா, பார்க்கறேன்."

"கை கழுவணும், குழாய் எங்கே இருக்குங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். எனக்குப் பாதி நிம்மதி அப்போதே வந்துவிட்டது.